வெளிச்சம் தெரிந்தது, பதில் வரவில்லை

நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள், சண்டை பிடிக்காமல் பேசுவோம்.

இரவு வானத்தில் விளங்காத ஒரு வெளிச்சம் தெரிந்தால் நமது ஊர்க் குழுக்களில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் கை ஆட ஆட எடுத்த ஒரு வீடியோ வரும். பத்து நிமிடத்தில் "கியாமத்தின் அடையாளம், தவ்பாச் செய்யுங்கள்" என்று ஒரு குரல்பதிவு. அதற்குப் பின்னால் "இது அமெரிக்காக்காரன்ட வேலை" என்று இன்னொன்று. நடுச்சாமத்துக்குள் கதை "அரசாங்கத்துக்குத் தெரியும், மறைக்கிறாங்க" என்பதில் வந்து நிற்கும். விடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். அது என்ன வெளிச்சம் என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாது.

தரம் 10 வகுப்பில் இந்தப் பேச்சு வந்தபோது, "யாராவது ஒழுங்காக விசாரித்தால்தான் தெரியும்" என்றேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டான்: "விசாரிச்சாலும் உண்மையச் சொல்லுவாங்களா சேர்?"

நியாயமான கேள்வி. பெரியவர்கள் நாமும் இதைத்தான் கேட்கிறோம். உலகில் நடந்த சில விசாரணைகளை எடுத்துப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. வானத்து வெளிச்சத்தை விளங்கிக்கொள்வது பெரும்பாலும் அவ்வளவு கஷ்டமில்லை. விளங்கியவர் அதைச் சொல்கிறாரா, எப்போது சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

1977 செப்டெம்பர் 20. அன்றைய சோவியத் ஒன்றியத்தின் வடமேற்கில் பெட்ரோசவோட்ஸ்க் என்ற நகரம். அதிகாலை நான்கு மணி. இருண்ட வானத்தில் திடீரென்று பெரிய வெளிச்சம் ஒன்று தோன்றி, ஜெலி மீனைப் போல விரிந்து, கீழ்நோக்கிக் கதிர்களை விட்டது. பல நிமிடங்கள் நின்றது. அயல்நாடான பின்லாந்திலும் கண்டார்கள். சோவியத் செய்தி நிறுவனமே அதைப் பற்றி எழுதியது. அந்தக் காலத்தில் அங்கே இப்படியொரு செய்தி பத்திரிகையில் வருவதே அபூர்வம். ஆனால் அது என்ன என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பதில் இல்லாத இடத்தில் கதை வளர்ந்தது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் வட்டமாக ஓட்டை விழுந்தது என்றுகூடப் பேசினார்கள்.

அடுத்த வருடம், 1978இல், அரசாங்கம் ஒரு விசாரணைத் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் 'செட்கா'. ரஷ்ய மொழியில் வலை என்று அர்த்தம். ஒரு பக்கம் விஞ்ஞானக் கழகம், மறுபக்கம் பாதுகாப்பு அமைச்சு. நாடு முழுவதும் இருந்த இராணுவ முகாம்களுக்கு, விளங்காத எதையாவது வானத்தில் கண்டால் அறிவிக்க வேண்டும் என்று கட்டளை போனது. இதைவிடப் பெரிய அவதானிப்புக் குழுவை யாராலும் அமைக்க முடியாது. 1990 வரை இது நடந்தது. சுமார் 3000 அறிக்கைகள் வந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ரொக்கெட் ஏவல்கள் அல்லது உயரத்தில் பறந்த பலூன்கள் என்று கண்டறிந்தார்கள்.

பெட்ரோசவோட்ஸ்க் வெளிச்சம்? அதே அதிகாலை, அதே நேரத்தில், நகரத்துக்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீற்றர் தூரத்தில் இருந்த பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து கொஸ்மொஸ் 955 என்ற இராணுவச் செய்மதி ஏவப்பட்டிருந்தது. தரையில் இருட்டு. ஆனால் நூறு கிலோமீற்றருக்கு மேலே சூரிய ஒளி விழத் தொடங்கிவிடும். அங்கே காற்று இல்லை என்றே சொல்லலாம். அதனால் ரொக்கெட்டின் புகை சுருண்டு நிற்காமல் பல கிலோமீற்றர் அகலத்துக்கு விரியும். அதில் சூரிய ஒளி பட்டால் இருட்டில் நிற்பவனின் கண்ணுக்கு அது வெளிச்சப் பூப்போலத் தெரியும். இது ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்குகிற பாடம்.

அப்படியானால் ஏன் அடுத்த நாளே சொல்லவில்லை? ஏனென்றால் பிளெசெட்ஸ்க் என்ற தளமே இரகசியம். 1983 வரை அப்படி ஒரு இடம் இருப்பதாகச் சோவியத் அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. தளம் இல்லையென்றால் ரொக்கெட் இல்லை. ரொக்கெட் இல்லையென்றால் வெளிச்சத்துக்கு விளக்கம் இல்லை. இராணுவத்தின் ஒரு கை ரொக்கெட்டை ஏவியது, மறுகை அது என்ன வெளிச்சம் என்று விசாரித்தது.

இதில் எனக்கு ஆசிரியன் என்ற வகையில் மிகவும் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. அந்த இரகசியம் உண்மையில் இரகசியமே இல்லை. 1966இலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தது உளவுத்துறை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் கெற்றரிங் என்ற ஊரிலுள்ள ஒரு பாடசாலையின் பௌதிகவியல் ஆசிரியர் ஜெப்ரி பெரியும் அவருடைய மாணவர்களும்! கையில் இருந்தது ஒரு வானொலி வாங்கி. செய்மதிகள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கேட்டு, நேரத்தைக் குறித்து, அவை சுற்றும் பாதையைக் கணக்கிட்டார்கள். அந்த வருடம் ஏவப்பட்ட சில செய்மதிகளின் பாதை, ஏற்கெனவே தெரிந்த தளத்தோடு பொருந்தவில்லை. பாதைகளைப் பின்னோக்கி வரைந்தார்கள். அவை ஒன்றையொன்று வெட்டிய இடம் பிளெசெட்ஸ்க்.

உளவு நிறுவனங்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனால் உலகத்துக்குச் சொன்னது ஒரு பாடசாலை. எங்கள் பிள்ளைகளிடம் திறமை இல்லையென்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பொறுமையாகக் கேட்கவும் நேரத்தைக் குறிக்கவும் சொல்லிக்கொடுத்தால் போதும், மிச்சத்தைக் கணிதம் பார்த்துக்கொள்ளும்.

சோவியத்தைச் சொல்லிவிட்டு அமெரிக்காவை விட்டால் நியாயமில்லை. அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய விசாரணையில் 12,618 அறிக்கைகள் சேர்ந்தன. அவற்றில் 701 விளங்காதவை என்று பதிவாகின. 1955இல் இருந்து அவர்களிடம் யூ-2 என்ற உளவு விமானம் இருந்தது. வேறு எந்த விமானமும் போகாத உயரத்தில் அது பறக்கும். கீழே பொழுது சாய்ந்த பிறகும் அதன் இறக்கையில் சூரிய ஒளி பட்டுப் பளபளக்கும். பொதுமக்கள் கண்டார்கள், அறிவித்தார்கள். விசாரித்தவர்களில் சிலருக்கு அது என்னவென்று தெரியும், சொல்ல அனுமதியில்லை. அதனால் இயற்கை நிகழ்வு, பனிப்படலம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பினார்கள். 1997இல் வெளியான சீஐஏயின் வரலாற்று ஆய்வே இதை ஒப்புக்கொண்டது.

யூடியூப் பார்த்துவிட்டு "அமெரிக்கா மறைக்கிறது" என்று சொல்கிற தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். ஓம், மறைத்தார்கள். ஆனால் மறைத்தது வேற்றுக்கிரகவாசியை இல்லை, தங்கள் சொந்த விமானத்தை. இரண்டு பெரிய வல்லரசுகளும் செய்தது ஒரே வேலை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் ஒன்றுதான். பின்னர் உண்மையையே சொன்னபோதும் ஜனங்கள் நம்பவில்லை. இன்றும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு பொய்யான விளக்கம் நூறு உண்மையான விளக்கங்களைக் கெடுத்துவிடும்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. பெட்ரோசவோட்ஸ்க் வெளிச்சம் தெரிந்த அதே 1977இல் பிரான்ஸ் தனது விண்வெளி நிறுவனத்துக்குள் ஒரு சிறிய பிரிவை அமைத்தது. பெயர் இடையில் மாறினாலும் அது இன்றும் இயங்குகிறது. யாராவது வானத்தில் எதையாவது கண்டால் அறிவிக்கலாம். தேவைப்பட்டால் பொலிஸ்காரர் வந்து வாக்குமூலம் எடுப்பார். விமானப் பாதை, காலநிலை, செய்மதி எல்லாவற்றோடும் ஒப்பிடுவார்கள். 2007இல் தங்கள் கோவைகளை, சாட்சிகளின் பெயர்களை எடுத்துவிட்டு, இணையத்தில் திறந்து வைத்தார்கள்.

அவர்கள் முடிவை நான்காகப் பிரிக்கிறார்கள். நிச்சயமாக விளங்கியது. பெரும்பாலும் விளங்கியது. தகவல் போதாததால் முடிவு சொல்ல முடியாதது. போதிய தகவல் இருந்தும், விசாரித்தும் விளங்காதது. கடைசி இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். எங்கள் குழுக்களில் வருகிற வீடியோக்களில் பெரும்பாலானவை மூன்றாவது வகை. எந்த இடம், எத்தனை மணி, எந்தத் திசை, ஒன்றும் இருக்காது. ஆனால் நாம் அதை நான்காவது வகையென்று பரப்புகிறோம். தகவல் இல்லாமையை அதிசயம் என்று எடுத்துக்கொள்கிறோம். பிரான்ஸ்காரர் உண்மையிலேயே நான்காவது வகையில் போட்டவை மிகச் சிறிய வீதம்தான். அவற்றையும் மறைக்காமல் "எங்களுக்கு விளங்கவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதியதால்தான் "இது பலூன்" என்று அவர்கள் சொல்லும்போது நம்ப முடிகிறது.

சரி, இதெல்லாம் தூரத்துக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு நிறையவே இருக்கிறது.

புத்தளம், கற்பிட்டி, மன்னார்ப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். இந்தியா இவ்வளவு காலமும் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்துதான் செய்மதிகளை ஏவியது. அங்கிருந்து தெற்கு நோக்கிப் போகும் ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலால் பறக்கக் கூடாது என்பதற்காக, நடுவழியில் திருப்பம் எடுத்து நமது தீவைச் சுற்றிப் போகின்றன. அதனால் எரிபொருள் வீணாகிறது. சிறிய ரொக்கெட்டுகளை நேராகத் தெற்கே அனுப்புவதற்காக, தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் கட்டுகிறார்கள். 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். புத்தளத்திலிருந்து அந்த இடம் சுமார் 200 கிலோமீற்றர். பெட்ரோசவோட்ஸ்க்குக்கும் பிளெசெட்ஸ்க்குக்கும் இடையில் இருந்த தூரத்தைவிடக் குறைவு!

அந்தத் தளம் வேலை செய்யத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் சுபஹுக்கு முன்போ மஃரிபுக்குப் பின்போ ஒரு ரொக்கெட் கிளம்பினால், மேற்கு வானத்தில் நாம் காணப்போவது 1977இல் அந்த நகரத்து மக்கள் கண்டதைப் போன்ற காட்சியாக இருக்கலாம். வித்தியாசம் என்னவென்றால் இது இரகசியம் இல்லை. ஏவுகிற திகதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். கப்பலுக்கும் விமானத்துக்கும் எச்சரிக்கை கொடுப்பார்கள். அந்த அறிவித்தல் நமது மீனவருக்கும் நமது உம்மாமாருக்கும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் வந்து சேருமா என்பதுதான் கேள்வி.

வந்து சேராவிட்டால் என்ன நடக்கும் என்று புத்தளத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஆகஸ்ட் மாதத்துக் கிறீஸ் பூதம் யாருக்கு மறந்திருக்கும்? மாலையானால் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். இளைஞர்கள் பொல்லோடு காவல் இருந்தார்கள். பயத்தோடு கோபமும் சேர்ந்தது. கடைசியில் நம் ஊரில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உயிரிழந்தார். அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. இருட்டில் ஓடியது யார், எத்தனை பேர் உண்மையில் கண்டார்கள், எத்தனை பேர் கேட்டதைக் கண்டதாகச் சொன்னார்கள் என்பதற்கு மக்கள் மனம் ஆறும்படியான விளக்கம் வந்து சேரவில்லை. அதனால் இன்றும் ஆளுக்கொரு கதை சொல்கிறோம்.

பதில் வந்தாலும் பிந்தி வந்தால் என்ன ஆகும் என்பதை 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கண்டோம். உணவில் கருத்தடை மருந்து கலந்ததாக ஒரு வதந்தி. அந்த இரவே நமது கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது: அது மருந்தில்லை, மாவுக் கட்டி. சரியான விசாரணை, சரியான முடிவு. ஆனால் அறிக்கை வரும்போது அடி விழுந்து முடிந்திருந்தது. வீடியோ பார்த்த எல்லோரும் அந்த அறிக்கையை வாசித்திருப்பார்களா? வதந்தியால் அடிவாங்கிய சமூகம் நாம். வதந்தியைக் கடத்துவதில் மற்றவரைவிட ஒரு படி அதிகமாகக் கூச்சப்பட வேண்டியவர்களும் நாம்தான்.

மார்க்கம் தெரிந்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், நான் நினைவூட்ட மட்டும் செய்கிறேன். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்பது சூரா ஹுஜுராத்தில் உள்ள கட்டளை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பாலகன் இப்ராஹீம் வபாத்தான நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். கவனியுங்கள், அது அவர்களைப் பெருமைப்படுத்தும் பேச்சு. மகனை இழந்த துக்கத்தில் இருந்தவர் பேசாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை இருள்வதில்லை என்று அன்றே திருத்தினார்கள். தமக்குச் சாதகமான வதந்தியையும் அன்றைக்கே மறுத்த அந்த முன்மாதிரியை விட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கண்டவுடன் கியாமத் என்று குரல்பதிவு போடுவது எந்த வகை மார்க்கப்பற்று?

இன்னொரு விதத்தில் பார்த்தால், இரவு வானத்து வெளிச்சத்தை விசாரிப்பது நமக்குப் புதிதே இல்லை. மாதா மாதம் செய்கிறோம். பிறை கண்டேன் என்று ஒருவர் வந்தால் எங்கே நின்றீர், எத்தனை மணி, சூரியன் மறைந்த இடத்துக்கு எந்தப் பக்கம், கொம்பு எந்தப் பக்கம், கூட யார் கண்டார் என்று கேட்கிறோம். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடி முடிவெடுக்கிறார்கள். உலகில் எத்தனை சமூகங்களுக்குச் சாட்சியை இப்படிக் குறுக்கு விசாரணை செய்யும் பழக்கம் இருக்கிறது? அதே நேரத்தில், 2013 நோன்புப் பெருநாளுக்குக் கிண்ணியாவில் கண்டதாகச் சொன்ன பிறை எவ்வளவு மனக்கசப்பைக் கொண்டுவந்தது என்பதும் நினைவிருக்கும். யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. முடிவைவிட, முடிவுக்கான காரணம் விளக்கமாகவும் வேளைக்கும் மக்களிடம் வந்து சேர்வதுதான் மனங்களை ஆற்றும் என்பதற்கு அது பாடம்.

ஆகவே நான் கேட்பது இரண்டு.

ஒன்று அதிகாரிகளிடம். மொரட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் வானியல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2015 நவம்பர் 13ஆம் திகதி நமது தென்கரைக்கு அப்பால் விண்வெளிக் கழிவுத் துண்டொன்று விழுந்தபோது, எந்த நாள், எத்தனை மணிக்கு விழும் என்று முன்கூட்டியே உலகத்துக்குச் சொல்லப்பட்டது. அபூதாபியிலிருந்து விமானமெடுத்து வந்து விஞ்ஞானிகள் அதைப் படம்பிடித்துப் போனார்கள். அந்த ஏற்பாட்டில் பங்கெடுத்த சர்வதேச வானியல் மையம், பிறை அவதானிப்புக்காக நம்மில் பலருக்குத் தெரிந்த அதே நிறுவனம். அதே முறையில், வானத்தில் ஏதாவது தெரிந்தால் ஒரு நாளுக்குள் மூன்று மொழியிலும் ஒரு சிறு அறிவித்தல் வரட்டும். தெரிந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "இன்னும் தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி பத்துக் குரல்பதிவுகளை நிறுத்தும்.

மற்றது நம்மிடம். வெளிச்சத்தைக் கண்டால் பரப்புவதற்கு முன் இவற்றைக் குறியுங்கள்:

1. எந்த இடம், எத்தனை மணி எத்தனை நிமிடம்.
2. எந்தத் திசை. கிப்லாத் திசை தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை.
3. எவ்வளவு உயரம். கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடியுங்கள். அடிவானத்திலிருந்து ஒரு முட்டி சுமார் பத்துப் பாகை.
4. எவ்வளவு நேரம் தெரிந்தது, அசைந்ததா, சத்தம் கேட்டதா.
5. வீடியோ எடுத்தால் தென்னைமரமோ மின்கம்பமோ சேர்ந்து விழும்படி எடுங்கள். வெறும் இருட்டில் ஒரு புள்ளி யாருக்கும் உதவாது.

பிறகு அன்று ரொக்கெட் ஏவினார்களா, செய்மதி கடந்ததா என்று தேடுங்கள். ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏவிய சில நாட்களுக்கு மணிக்கோவை மாதிரி வரிசையாகப் போகும், அதையும் பாருங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் குறிப்பை அப்படியே வைத்திருங்கள். "விளங்கவில்லை" என்று சொல்வதில் வெட்கமில்லை.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இது: "அவங்க சொல்லுவாங்களா இல்லையா என்பது நம் கையில் இல்லை மகன். ஆனா நீ ஒழுங்காக் குறிச்சு வச்சா, அவங்க சொல்லுறது சரியா பிழையா என்று உன்னால கண்டுபிடிக்க ஏலும்." கெற்றரிங் பாடசாலைப் பிள்ளைகள் செய்தது அவ்வளவுதான்.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.